ஃபிராங்கன்ஹைமர் டிவிக்குத் திரும்பியது

அன்புள்ள ஐயா,

‘தி மஞ்சூரியன் கேண்டிடேட்’ (1962) பார்த்தேன், பிரமாதம். இயக்குநர் ஜான் ஃபிராங்கன்ஹைமர் 1950-களில் டிவியில் இருந்தாராம், 90-களில் மறுபடி டிவிக்கே போய்விட்டாராம். இவ்வளவு பெரிய ஆளுக்கு இது வீழ்ச்சிதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டிவி என்றதும் நம்மூர் மெகா சீரியல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. அவர் செய்தது நேரலை நாடகம். அமெரிக்க டிவி நிறுவனமான சிபிஎஸ்ஸில் இயக்குநர் சிட்னி லூமெட்டுக்கு உதவியாளராக இருந்துவிட்டு, இருபதுகளின் நடுவிலேயே தனியாக இயக்க வந்துவிட்டார். ‘பிளேஹவுஸ் 90’ என்ற நாடகத் தொடர் வாராவாரம் ஒன்றரை மணி நேரம். அதில் 1957-ல் நடிகர் மிக்கி ரூனியை வைத்து அவர் எடுத்த ‘தி காமெடியன்’ முழுக்க நேரலை. ரீடேக் கிடையாது, எடிட்டிங் மேஜை கிடையாது, கட்டுப்பாட்டு அறையில் மானிட்டர்களைப் பார்த்தபடி அடுத்து எந்தக் கேமரா என்று இயக்குநர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், விளம்பரம் ஓடும் நேரத்தில் நடிகர்கள் அடுத்த செட்டுக்கு ஓட வேண்டும், யாராவது வசனத்தை மறந்தால் அதுவும் அப்படியே ஒளிபரப்பாகிவிடும். இப்படி நூற்றுக்கும் மேல் செய்திருக்கிறார். அதற்கப்புறம் சினிமா அவருக்கு நிதானமான வேலையாகத்தான் தெரிந்திருக்கும்!

நீங்கள் பார்த்த படத்திலேயே பத்திரிகையாளர் சந்திப்புக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். செனட்டர் எழுந்து கத்துகிறார், அதே ஃபிரேமில் டிவி மானிட்டரிலும் அவர் தெரிகிறார், கேமராவுக்காகவே கத்துகிறார் என்பது நமக்கு உடனே புரிந்துவிடுகிறது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பழகியவரின் கண் அது.

வீழ்ச்சி என்றால் நான் 70-களின் கடைசியைத்தான் சொல்வேன். ராட்சதக் கரடி வரும் ‘பிராஃபெசி’ (1979) எல்லாம் அவர் எடுத்ததுதான், மன்னித்துவிடலாம். 90-களில் டிவிக்கு வந்துதான் மீண்டும் எழுந்தார்: அட்டிகா சிறைக் கலவரம் பற்றிய ‘அகெய்ன்ஸ்ட் தி வால்’, ‘தி பர்னிங் சீசன்’, ‘ஆண்டர்சன்வில்’, ‘ஜார்ஜ் வாலஸ்’ என்று வரிசையாக 4 படங்கள், நான்குக்கும் இயக்கத்துக்கான எம்மி விருது (அமெரிக்க டிவியின் பெரிய விருது). ‘ரோனின்’ (1998) வந்ததும் அந்தச் சமயத்தில்தான், சினிமா அவரை ஒன்றும் கைவிட்டுவிடவில்லை.

கேரி சினிஸ் நடித்த ‘ஜார்ஜ் வாலஸ்’ கிடைத்தால் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் வீழ்ச்சி என்றே தோன்றினால் சண்டை போடுவோம்.