பாதம் இல்லாத பொம்மை

வணக்கம் சார்,

நவம்பரில் மனைவி, மகளோடு ஜப்பான் போகிறேன். ஒசாகாவில் ஒரு நாள் இருப்போம். தேசிய புன்ராகு அரங்கில் பொம்மலாட்டம் பார்க்க ஆசை. மொழி தெரியாமல் மணிக்கணக்கில் உட்கார முடியுமா? கியோட்டோவில் தேநீர்ச் சடங்கு, நடனம், பொம்மை எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் காட்டிவிடுகிறார்களாம். அது போதாதா? “பொம்மைக்கு இவ்வளவு செலவா?” என்று மகள் வேறு கேட்கிறாள்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

கியோட்டோவில் கிடைப்பது உப்பு பார்க்க உள்ளங்கையில் விட்டுக்கொள்ளும் குழம்பு. சாப்பாடு ஒசாகாவில்தான். அங்கே வருஷம் முழுக்க ஆட்டம் இருக்காது, நவம்பரில் உண்டு. முழுசும் மலைப்பாக இருந்தால் ஒரு காட்சிக்கு மட்டும் டிக்கெட் கிடைக்குமா என்று கேளுங்கள்.

முதல் தடவை நான் காதில் ஆங்கில விளக்கக் கருவியை மாட்டிக்கொண்டு கதையைத் துரத்திக்கொண்டிருந்தேன். பாதியில் கழற்றி வைத்த பிறகுதான் மேடையே கண்ணில் பட்டது. வலப்பக்கம் கதை சொல்லும் தாயூ, அருகில் சாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பவர். ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் தாயூவின் ஒரே தொண்டை. தொடங்குமுன் ஏட்டை இரு கைகளாலும் தூக்கி வணங்குவார். தவறவிடாதீர்கள்.

ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலையும் வலக்கையும் மூத்தவருக்கு. பெரும்பாலும் முகத்தை மறைக்காமலே நிற்பார். கறுப்புத் துணியால் முகம் மூடிய இருவரில் ஒருவருக்கு இடக்கை, மற்றவருக்குக் கால். கால் பிடித்தே பத்து வருஷம் போகும் என்பார்கள். இதில் வேடிக்கை, பெண் பொம்மைகளுக்குப் பொதுவாகக் காலே கிடையாது. கிமோனோவின் கீழ் விளிம்பை முஷ்டியால் தள்ளித் தள்ளியே நடக்க வைக்கிறார்கள். உட்கார்ந்தால் அந்த முஷ்டிதான் முழங்கால்.

நாடகாசிரியர் சிகாமட்சுவின் ‘சொனெசாகி ஷின்ஜூ’ நாடகம் போட்டிருந்தால் எப்படியாவது பார்த்துவிடுங்கள். 1703-ல் ஒசாகாவில் நிஜமாகவே நடந்த காதலர் தற்கொலை. ஒரே மாதத்தில் மேடையேறிவிட்டது. சோயா சாஸ் கடைச் சிப்பந்தி தொகுபேயைத் திண்ணைக்கு அடியில் ஒளித்துவிட்டு, கணிகை ஓஹட்சு மேலே உட்கார்ந்திருக்கிறாள். அவனை ஏமாற்றியவனே வந்து அவனைப் பழித்துக்கொண்டிருக்கிறான். சாகத் துணிவு உண்டா என்று அவள் காலால் கேட்கிறாள். அவன் அந்தப் பாதத்தைப் பற்றித் தன் கழுத்தில் வைத்து இழுத்துக்கொள்கிறான். இந்தக் காட்சிக்காகவே ஓஹட்சுவுக்கு ஒரு வெள்ளைப் பாதம் பொருத்துகிறார்கள்.

ஒசாகாவின் உமேதா பகுதிக்குப் பக்கத்தில் அவள் பெயராலேயே அழைக்கப்படும் ஓஹட்சு தெஞ்சின் கோயில் இருக்கிறது. நேரமிருந்தால் போய்வாருங்கள். மகளிடம் மட்டும் பாதத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.