ஓ சண்முகம்

கேள்வி: டீச்சரம்மா, நான் அயர்லாந்தில் லிமெரிக் நகரில் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். கணவர் கிளேர் பகுதிக்காரர், ஓபிரையன் குடும்பம். ஆகஸ்டில் எங்களுக்கு முதல் குழந்தை, பையன். ‘டைக்’ என்ற ஐரிஷ் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நிற்கிறார். என் அப்பா போன தை மாதம் தவறிப்போனார். “தாத்தா பேர் வைப்பதுதான் முறை, சண்முகம் என்றே வை” என்று அம்மா போனில் அழுகிறார். மாமியார் ஒன்றும் சொல்வதில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பேர்தான் எனக்குக் குடும்பப்பெயர், கல்யாணத்துக்குப் பிறகும் மாற்றவில்லை. வேலைக்குப் போகும்போது பேட்ஜில் அதைப் பார்த்தாலே கண் கலங்குகிறது. என்ன பேர் வைக்கட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லிமெரிக்

பதில்: மகளே, முதலில் அந்த ‘முறை’யைப் பார்த்துவிடுவோம். நம் பக்கத்தில் மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேர். அம்மாவைப் பெற்றவர் பேர் இரண்டாவது பையனுக்குத்தான். ஐரிஷ் குடும்பங்களிலும் பழைய வழக்கம் இதேதான் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. மூத்தவனுக்கு அப்பாவழித் தாத்தா, அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா. ஆக, எந்த ஊர் முறையைப் பிடித்தாலும் இந்தப் பிள்ளைக்கு வர வேண்டியது உன் மாமனார் பேர். உன் மாமியார் வாய் திறக்கவில்லை என்கிறாயே, அந்த அம்மாளுக்கு என் சார்பில் ஒரு கும்பிடு போட்டுவிடு.

இதை உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்காதே. துணை போய் ஒரு வருஷம்கூட ஆகாதவளிடம் முறை பேசி ஜெயித்து என்ன செய்யப்போகிறாய்?

இனி உன் வீட்டுக்காரர். என் மகளும் அயர்லாந்தில்தான், கார்க் நகரில் இருக்கிறாள். அவள் பேறுகாலத்துக்குப் போய் ஆறு மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டுச் சிறுமியின் நோட்டு அட்டையில் இருந்த பேரை ‘நியாம்’ என்று படித்தேன். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ‘நீவ்’ என்று சொல்ல வேண்டுமாம்; எம்மும் எச்சும் சேர்ந்தால் அங்கே ‘வ’. உன் டைக்கை ஆங்கில எழுத்தில் டி, ஏ, டி, எச், ஜி என்று எழுதுவார்கள். நம் ஊர் பேங்க் கவுன்டரில் அதை என்ன பாடு படுத்துவார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் நாம் சிரிக்க முடியாது. ‘ழ’வுக்கு இசட் எச் போட்டுவிட்டு ஊர் உலகமெல்லாம் சரியாக வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் நாம். என் வகுப்புக் கயல்விழி டெல்லிக்கு வேலைக்குப் போய்க் கயல்விஜி ஆகிவிட்டாள். அவர்கள் மொழிக்குப் பழைய கணக்கில் எழுத்து 18, நமக்கு மெய்யெழுத்து 18. இதற்கும் உன் கேள்விக்கும் சம்பந்தமில்லை, வாத்தியார் புத்தி.

டைக் என்றால் புலவன். நல்ல பேர். பாடு பட்ட பேரும்கூட. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் அதையே திமோத்தி, தாடியஸ் என்று மாற்றி எழுதிக்கொண்டார்கள். வட அயர்லாந்தில் கத்தோலிக்கரைத் திட்டுவதற்கு அந்தப் பேரையே வசைச்சொல்லாக்கினார்கள். நம் சனம் சொந்தப் பேரைச் சொல்லவே கூச்சப்படுகிறதே என்று ஐரிஷ் அறிஞர் டக்ளஸ் ஹைட் 1892-ல் ஒரு சொற்பொழிவில் கொதித்தார். மறு வருஷமே ஐரிஷ் மொழியை மீட்க கேலிக் லீக் என்ற சங்கம் தொடங்கியது. வேதாசலம் மறைமலை அடிகளானதையும் நாராயணசாமி நெடுஞ்செழியனானதையும் பார்த்த நமக்கு இந்தச் சூடு புரியாதா? உன் வீட்டுக்காரர் பிடிவாதத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது, அவர் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு கேட்கிறாரோ இல்லையோ.

சண்முகத்தை முதல் பேராக வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆங்கிலத்தில் ‘மக்’ என்றால் குவளை மட்டுமல்ல, ஏமாளிக்கும் அதுதான் பேர். பள்ளிக்கூட மைதானத்தில் எந்தப் பயலும் அதை விட மாட்டான். இன்னொன்று கேள்: ஐரிஷில் ‘ஷன்’ என்றால் பழைய, வயசான என்று பொருள். தாத்தாவுக்கு அங்கே ‘ஷன் அஹிர்’, அதாவது கிழட்டு அப்பா! பிறந்த குழந்தையை ஷண், ஷண் என்று கூப்பிட்டுக் கிழவனாக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் உன் அம்மாதான். அவர் வாயால் ஒரு நாளாவது உன் அப்பா பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? என் அம்மா சொன்னதில்லை. அப்பா பேர் முருகையா. ரேஷன் கடையில் குடும்பத்தலைவர் பேர் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவார். சாமி பேரைக்கூடச் சொல்லாமல் ‘திருச்செந்தூர்ச் சாமி’ என்றே சொல்லிக் காலத்தை ஓட்டினார். உன் அம்மா ‘டேய் சண்முகம், பாலைக் குடி’ என்று அதட்டுவாரா? ஐயா, ராசா என்றுதான் கூப்பிடப்போகிறார். அவருக்குப் பேர் எங்காவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே? நடுப்பேராக வை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நடுப்பேர் அரசாங்கக் காகிதத்தில் தூங்கும் பேர். உனக்கு அதைவிட நல்ல இடம் இருக்கிறது, நீயே எழுதிவிட்டாய். பேட்ஜைப் பார்! அங்கே குழந்தைக்கு அம்மா குடும்பப்பெயரையோ அப்பா குடும்பப்பெயரையோ வைக்கலாம். இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம். டைக் சண்முகம் ஓபிரையன் என்று பதிவு செய். பிறந்த 3 மாதத்துக்குள் பதிய வேண்டும், அதற்குள் சண்டையை முடித்துக்கொள்ளுங்கள்.

உன் வீட்டுக்காரர் தயங்கினால், ‘ஓ’ என்றால் என்ன என்று அவரிடமே கேள். பேரன் என்று பொருள். 1014-ல் குளோன்டார்ஃப் சண்டையில் செத்த பிரையன் போரு என்ற அரசனின் பேரன்மார் வழி வந்தவர்கள் ஓபிரையன்கள். நம் ‘பேரன்’ எங்கிருந்து வந்தது? பெயரன், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. உன் பிள்ளை அந்தப் பக்கம் பார்த்தால் ஓ பிரையன், இந்தப் பக்கம் பார்த்தால் ஓ சண்முகம். வகுப்பில் ஆஜர் கூப்பிடும்போது இரண்டு தாத்தாவும் வந்துவிடுவார்கள். கொஞ்சம் நீளம்தான். மும்பையிலிருந்து போன டாக்டரின் மகன் லியோ வரத்கர், அப்பாவின் குடும்பப்பெயரோடு 2017-ல் அந்த நாட்டுக்குப் பிரதமராகவே வந்தார். சண்முகமும் அவர்கள் வாய்க்குப் பழகிவிடும்.

அம்மாவுக்கு டிக்கெட் போட்டுக் கூப்பிட்டுக்கொள். பேர் வைக்கும் அன்று குழந்தை காதில் மூன்று தடவை பேர் சொல்வோமே, டைக்கை அத்தைக்காரி சொல்லட்டும். சண்முகத்தை உன் அம்மா சொல்லட்டும். புருஷன் இல்லாதவள் முன்னால் நிற்கலாமா என்று யாராவது இழுத்தால் டீச்சர் சொன்னாள் என்று சொல். என் இரண்டாவது பையன் காதில் என் அம்மாதான் பேர் சொன்னார். முதல் இரண்டு தடவை உதடுதான் அசைந்தது. மூன்றாவது தடவை முருகையா என்பது எனக்கே கேட்டது.