தாதியருக்குப் படிப்பிக்கப் போக விரும்புகிறவர்கள் கேட்டவை

யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் வார்டில் நின்றுவிட்டு இப்போது தாதிய மாணவருக்குப் படிப்பிக்கிறேன். மேற்படிப்பு பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன், நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, நான் மூன்று வருட டிப்ளோமா முடித்துப் பதிவு பெற்றவள். எட்டு வருட சேவை. நேரே முதுமாணி செய்யலாமா?

முதலில் இளமாணிப் பட்டம் வேண்டும் தங்கச்சி. வேலையை விடாமல் படிக்க வேண்டுமென்றால் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியர் பட்டத்தைப் பாருங்கள். 1994 இல் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, பதிவு பெற்ற தாதியருக்கென்றே தொடங்கியது அது. யாழ்ப்பாணத்திலும் அவர்களுக்குப் பிராந்திய நிலையம் இருக்கிறது, ஆனால் எந்தெந்தப் பாடத்துக்குக் கொழும்பு போக வேண்டி வரும் என்பதை விண்ணப்பிக்க முன்னமே கேட்டு வையுங்கள்.

அடுத்தது முதுமாணி. பட்டங்களை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் இரண்டு வகை உண்டு: பாடநெறி மட்டும் என்றால் ஒன்பதாம் மட்டம், 30 கிரெடிட், ஆய்வும் சேர்ந்தால் பத்தாம் மட்டம், 60 கிரெடிட். பல்கலைக்கழக விரிவுரையாளராகும் எண்ணம் இருந்தால் ஆய்வு உள்ளதையே எடுங்கள், பிறகு ஆய்வு இல்லையே என்று அந்தரப்படக் கூடாது.

தாதியர் பயிற்சிக் கல்லூரியில் டியூட்டராக வரவும் இதே வழிதானா?

இல்லை, அது சுகாதார அமைச்சின் பாதை. கொழும்பில் உள்ள தாதியர் மேற்படிப்புக் கல்லூரி ஊடாகப் போக வேண்டும். சேவைக்கால நிபந்தனைகள் சுற்றறிக்கையில் வரும், வாய்க்கதையை நம்பாமல் அதை எடுத்து வாசியுங்கள்.

வார்டில் வேலை தெரிந்தால் போதாதா மிஸ்? படிப்பிக்க எதற்கு இன்னொரு பட்டம்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் 500 மில்லிலீற்றர் சேலைன், நாலு மணித்தியாலத்தில் போக வேண்டும், ட்ரிப் செட்டில் மில்லிலீற்றருக்கு 20 துளி. மாணவி கொப்பியில் கணக்குப் போட்டு நிமிடத்துக்கு 42 என்று சரியாகச் சொன்னாள். ட்ரிப்புக்கு முன்னால் போய் நின்றதும் கை நடுங்குகிறது, துளியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை மேலும் கீழும் உருட்டுகிறாள், துளியையே பார்க்கிறாள், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் "தள்ளு பிள்ளை" என்று நானே சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். சேலைன் ஒழுங்காகப் போனது. அவள் ஒன்றும் பழகவில்லை.

பிறகு மேற்படிப்பில், ஒருவரின் திறன் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க மருத்துவக் கல்வியாளர் மில்லர் 1990 இல் எழுதிய பிரமிட்டைப் படித்தபோது அந்தப் பிள்ளையின் முகம்தான் வந்தது. தெரிந்திருப்பது, எப்படி என்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, உண்மையான வேலையில் செய்வது என்று நாலு படி. அவள் இரண்டாவதில் நின்றாள், நான் நாலாவதை எதிர்பார்த்தேன். இப்போது பக்கத்தில் நின்று, "15 செக்கனுக்கு எண்ணினால் எத்தனை வர வேண்டும்?" என்று கேட்பேன். பத்து, பதினொன்று என்று அவர்களே சொல்லி, அவர்களே உருளையைத் திருப்புவார்கள். மூன்று நிமிடம் கூடப் பிடிக்கும், காலை நேர வார்டில் அது பெரிய நேரம்தான். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. பாடத்திட்டம் அமைப்பது, செயல்முறைப் பரீட்சைக்கு நேர்மையாகப் புள்ளி போடுவது எல்லாம் அப்படித்தான், தானாக வராது.

என் இங்கிலிஷ் பலவீனம். பயமாக இருக்கிறது.

பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான், அதனால் இன்றிலிருந்தே ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசியுங்கள். ஆனால் தமிழைக் குறையாக நினைக்காதீர்கள். 1847 இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார், அதற்கென்று நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் விளக்கத் தெரிந்த ஆசிரியர் இங்கே இன்றும் தேவை; பிள்ளைகளின் பாதிச் சந்தேகம் சொல்லில்தான் சிக்கி நிற்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணா, அமெரிக்க ஒன்லைன் முதுமாணி ஒன்றைச் செய்யச் சொல்கிறார். காசு கட்டலாமா?

கட்ட முன்னம் இரண்டு விடயம் பாருங்கள். அந்தப் பட்டத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா? அப்புறம், ஒரு வழிகாட்டியின் கண் முன்னால் நீங்கள் படிப்பித்துக் காட்டும் பயிற்சி அதில் இருக்கிறதா? அது இல்லாத ஒன்றுக்கு நான் காசு கட்ட மாட்டேன். அங்கே தாதியர் கல்வியாளருக்கென்று தனிச் சான்றிதழ்ப் பரீட்சையும் உண்டு, அங்கே வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

இரண்டு பிள்ளைகள், நைட் டியூட்டி. முடியுமா?

முடியும், ஆனால் வீட்டில் முதலே கதையுங்கள். நைட் முடிந்து வந்த நாளில் எழுதப் போகாதீர்கள், படுங்கள்.

ஆய்வுக்குத் தலைப்பு ஒன்று சொல்லுங்கள்.

நான் சொன்னால் அது என் தலைப்பாகிவிடும். ஒரு மாதம் சின்னக் கொப்பி ஒன்றை யூனிபோம் பொக்கற்றில் வைத்திருங்கள். மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், எதை உங்களிடம் கேட்கப் பயந்து பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். மாதம் முடிய அந்தக் கொப்பியோடு வாருங்கள், இருந்து பார்ப்போம்.