குருகு எங்கே பார்க்கிறது?

கேள்வி: சங்கப் பாடலுக்கு நயம் எழுதச் சொன்னால் எதுகை, மோனை, உவமை என்று அடிக்கோடிட்டுவிட்டு நிற்கிறேன். அதற்கு மேல் ஓடவில்லை. எந்த உரைநூல் வாங்கலாம்?
– எஸ்.பி.எம். (மலேசிய ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். உரையை முதலில் படித்தால் உரைகாரர் கண்டது மட்டுமே கண்ணில் படும். எதுகையை அடிக்கோடிட்டதில் தப்பில்லை. அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று சொல்லாமல் விட்டதுதான் குறை. அடிக்கோட்டோடு பாடத்தை முடித்துவிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாட்டை எடுங்கள்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு வாக்கியம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். முதல் அடியிலேயே இரண்டு வாக்கியம். கடைசி மூன்று அடியும் சேர்ந்து ஒன்று. அடிக்கு அடி பொருள் சொல்லப்போனால் இங்கேதான் சிக்கும். பேசுபவள் தலைவி, கேட்பவள் தோழி. தலைவன் மணத்தைத் தள்ளிப்போடுகிறான். நாங்கள் கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள்.

இனி, உறுத்தும் இடத்தைத் தேடுங்கள். ‘யாரும் இல்லை’ என்று தொடங்கியவள் ‘குருகும் (நாரையும்) உண்டு’ என்கிறாள். அப்படியானால் சாட்சி உண்டா, இல்லையா? ‘ஆரல் பார்க்கும்’ என்பதில் விடை இருக்கிறது. ஆரல் ஒரு மீன்; குருகின் கண் அதன்மேல். இவர்களை அது பார்க்கவே இல்லை. சிகிஞ்சான் வயலில் கொக்கு அசையாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

சொல் வரிசையையும் கவனியுங்கள். முதலில் கால், பிறகு பார்வை, கடைசியில்தான் பறவையின் பெயர். தினையின் தாள் போன்ற சிறிய பசிய கால் என்னும் ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால’ என்பதை எடுத்துவிட்டுப் படியுங்கள். அவளுடைய முறையீடு அப்படியே நிற்கும். ஆனால் அன்றைக்கு அவள் கண்ணில் பறவையின் கால்தான் முதலில் பட்டது, அவள் தலை கவிழ்ந்திருந்தாள் என்று நினைக்க இடமிருக்காது. பாட்டு அதை வாய்விட்டுச் சொல்லவில்லைதான். ஆனாலும் ஆதாரமாகக் காட்ட உங்களிடம் ஒரு தொடர் இருக்கிறது. காட்டச் சொல் இல்லாத நயத்தை எழுதவே எழுதாதீர்கள். அவனுக்குப் பெயரோ உறவோ தராமல் மூன்று முறையும் ‘தான்’ என்றே சொல்கிறாளே, அதையும் விடாதீர்கள்.

இதையெல்லாம் ஒரு பக்கம் எழுதிய பிறகு 1937இல் வெளிவந்த உ.வே.சாமிநாதையரின் உரையைத் திறக்கலாம். பாட்டும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சொற்பொருள் பிசகியிருந்தால் திருத்துங்கள். உரையில் இல்லை என்பதற்காக நீங்கள் கண்டதை அடித்துவிடாதீர்கள்.