ஈர்த்தால் சந்தேகம், விலக்கினால் உறுதி: நிலைமின்சாரம் கேள்வி பதில்

பத்தாம் வகுப்பு மாணவி: சார், காகிதத் துண்டுக்கு மின்னூட்டமே கிடையாது. அப்புறம் எப்படிச் சீப்பு அதை இழுக்கிறது? வேறின மின்னூட்டங்கள்தானே ஈர்க்கும்?

பதில்: நல்ல இடத்தில் பிடித்தாய். மின்னூட்டம் இல்லை என்றால் நேரும் எதிரும் சம அளவில் இருக்கின்றன என்றுதான் பொருள். தலைமுடியில் தேய்த்த சீப்பு எதிர் மின்னூட்டம் பெற்றிருக்கிறது என்று வைத்துக்கொள். அதை அருகே கொண்டுபோனால், காகிதத்தின் மூலக்கூறுகளுக்குள் எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்கள் துளியளவு விலகிப்போகும். சீப்பைப் பார்த்த பக்கம் நேர், மறுபக்கம் எதிர். 1785இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் அளந்து காட்டியபடி, தூரம் இரண்டு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். எனவே கிட்டே இருக்கும் பக்கத்தின் ஈர்ப்பு, எட்ட இருக்கும் பக்கத்தின் விலக்கத்தை மிஞ்சிவிடுகிறது.

சீப்பில் நேர் மின்னூட்டம் இருந்தாலும் காகிதம் ஒட்டத்தான் செய்யும், பக்கங்கள் மட்டும் மாறும். ஆகவே ஈர்ப்பை வைத்து இரண்டு பொருள்களிலும் மின்னூட்டம் உண்டு என்று முடிவு கட்டாதே. விலக்கினால்தான் உறுதி: இரண்டிலும் ஒரே வகை இருக்கிறது. (எண்ணெய் வைத்த தலையில் சீவிவிட்டு, 'ஒட்டவில்லை சார்' என்று வந்து நிற்கக் கூடாது.)

அதே மாணவி: ஒட்டிய துண்டுகளில் சில தெறித்து ஓடுகின்றனவே?

பதில்: தொட்டதும் சீப்பின் மின்னூட்டத்தில் கொஞ்சம் துண்டுக்குப் போகிறது. இப்போது இரண்டும் ஒரே வகை. அலுமினியத் தாளைக் கிள்ளிப் போட்டுப் பார், இன்னும் வேகமாக எகிறும்.

ஒரு தந்தை: தேய்த்தால் மின்னூட்டம் உண்டாகும் என்று மகனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: உண்டாவதில்லை, இடம் மாறுகிறது. ஒன்று இழந்ததை மற்றொன்று பெறுகிறது. தேய்க்கக்கூட வேண்டாம், தொட்டுப் பிரித்தாலே போதும். இரண்டு செலோ டேப் துண்டுகளை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, வெடுக்கென்று உரித்து அருகருகே தொங்கவிடச் சொல்லுங்கள். விலகும். வேறு இரண்டை ஒன்றின் முதுகில் ஒன்றாக ஒட்டிப் பிரித்தால் ஈர்க்கும். பையன் விதியைத் தானே கண்டுபிடித்துவிடுவான்.

நூற்பாலை மேற்பார்வையாளர்: பாலியெஸ்டர் ஓட்டும்போது இழைகள் சிலிர்த்துப் பரவுகின்றன, உருளையில் சுற்றிக்கொள்கின்றன. பருத்தியில் இவ்வளவு தொல்லை இல்லையே, ஏன்?

பதில்: ஈரம்தான் காரணம் அண்ணா. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. ஈரம் இருந்தால் மின்னூட்டம் அதன் வழியாகக் கசிந்துவிடும். இல்லாவிட்டால் இழையிலேயே தங்கும். எல்லா இழைகளிலும் ஒரே வகை என்பதால் ஒன்றையொன்று தள்ளிச் சிலிர்க்கின்றன, உருளையோடு போய் ஒட்டுகின்றன. ஆலையில் ஈரப்பதம் காக்கும் கருவி ஓடுவதும், செயற்கை இழைக்கு நிலைமின்சாரத்தைக் குறைக்கும் பூச்சு கொடுப்பதும் இதற்காகத்தான்.

இன்னொருவர்: பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுளீர் என்கிறது. ஆபத்தா?

பதில்: இல்லை. வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் மிகச் சொற்பம், கண் இமைக்கும் முன் தீர்ந்துவிடும். சாவியைக் கெட்டியாகப் பிடித்து அதன் நுனியால் முதலில் தொடுங்கள், பொறி சாவிக்குத்தான் பாயும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் மட்டும் இந்தப் பொறியை லேசாக எடுக்காதீர்கள்.

அறிவியல் ஆசிரியை: குழாய்நீர் சீப்பை நோக்கி வளைவதற்கு, நீர் மூலக்கூறு முனைவுள்ளது, அதாவது ஒரு முனை சற்றே நேர், மறுமுனை சற்றே எதிர் என்பதே காரணம் என்று நடத்துகிறோம்.

பதில்: அது மட்டும் போதாது, டீச்சர். சீரான மின்புலத்தில் முனைவுள்ள மூலக்கூறு திரும்பி நிற்குமே தவிர ஒரு பக்கமாக நகராது. குழாய்நீரில் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள், இருக்கின்றன. சீப்பு அருகில் வந்ததும், சீப்பில் இருப்பதற்கு வேறின மின்னூட்டம் குழாய் வழியாக நீர்த்தாரைக்குள் இழுக்கப்படுகிறது, தாரை துளிகளாக உடையும்போது அந்த மின்னூட்டம் துளிகளோடு சேர்ந்தே பிரிகிறது. வளைவின் பெரும்பங்கு இதனால்தான். மாணவர்கள் முனைவு என்று எழுதினால் மதிப்பெண் கொடுத்துவிடுங்கள், புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது.