ப்ளம்பெர்க், கீழாநெல்லி, மேற்கோள் கணக்கு: கேள்வி பதில்

மருத்துவ நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு மேற்கோள் கணக்குப் பார்த்துக் கொடுப்பது, அதாவது ஒருவர் கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை குறிப்பிட்டன என்று எண்ணிச் சொல்வது, என் வேலை. கல்லீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்றான ஹெபடைடிஸ் பி வைரஸை நாம் அறிய வழிசெய்தவர் பாரூக் ப்ளம்பெர்க். அவருடைய ஆய்வுகளை வைத்து இந்தக் கணக்கைப் பேசலாம் என்றேன். வந்த கேள்விகளில் சில:

கேள்வி: 1976இல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் இன்றைய கல்லீரல் கட்டுரைகள் பலவற்றில், கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலில் அவர் பெயரே இல்லையே? (முதுநிலை மாணவி)

பதில்: நல்ல கண் உங்களுக்கு. இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய ப்ளம்பெர்க்கின் முக்கியக் கட்டுரை 1965இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோஃபிலியா (இரத்தம் உறையாத நோய்) நோயாளி ஒருவரின் சீரத்தையும் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தையும் ஜெல்லில் எதிரெதிரே வைத்தபோது, நடுவே ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டை உண்டாக்கிய பொருளைத்தான் ப்ளம்பெர்க் குழு துரத்திப் போனது. கட்டுரையின் தலைப்பில் இருந்த நோய் லுகேமியா (இரத்தப் புற்று). ஹெபடைடிஸ் என்ற சொல் தலைப்பில் கிடையாது. அந்தப் பொருளுக்கும் ஹெபடைடிஸுக்கும் உள்ள தொடர்பு அதற்குப் பிறகுதான் தெரியவந்தது.

அந்தப் பொருளுக்கு அன்று 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று பெயர் வைத்தார்கள். இன்று எந்த ஊர் ஆய்வகத்திலும் கிடைக்கும் சோதனைச் சீட்டில் அதுவே 'எச்பிஎஸ்ஏஜி', ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம். உப்புப் போட்டுச் சமைப்பவர் உப்பளத்துக்காரரின் பெயரைச் சொல்வதில்லை, அல்லவா? கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாகிவிட்டால் மேற்கோள் நின்றுவிடுகிறது. ப்ளம்பெர்க்கும் சக ஆய்வாளர் இர்விங் மில்மனும் 1969இல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். ஆய்வாளரை மேற்கோள்களால் அளக்கும் எச்-இன்டெக்ஸ் என்ற எண்ணில் அது ஏறாது.

கேள்வி: எச்-இன்டெக்ஸ் என்பதை ஒருமுறை விளங்கும்படி சொல்லுங்கள் ஐயா. (முனைவர் பட்ட மாணவர்)

பதில்: தாளை எடுங்கள் தம்பி. ஒருவருடைய கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை இறங்குவரிசையில் எழுதுங்கள்: 40, 22, 9, 5, 4, 2. பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். மேற்கோள் வரிசை எண்ணுக்குக் குறையாமல் இருந்தால் அந்தக் கட்டுரை தேறும்; கடைசியாகத் தேறியதன் வரிசை எண்தான் எச். நான்காவது கட்டுரைக்கு 5 மேற்கோள், தேறிவிட்டது. ஐந்தாவதற்கு 4தான், தேறவில்லை. ஆக எச் 4. இயற்பியலாளர் ஹார்ஹே ஹிர்ஷ் 2005இல் சொன்ன வழி இது. முதல் கட்டுரைக்கு 40க்குப் பதில் 4,000 மேற்கோள் கிடைத்திருந்தாலும் விடை அதே 4தான் என்பதைக் கவனியுங்கள். வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய காரியம் செய்தவரை இந்த எண் கண்டுகொள்ளாது.

கேள்வி: ப்ளம்பெர்க் கீழாநெல்லியைப் பற்றியும் எழுதினாராமே? அந்தக் கட்டுரையை உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள் என்றால், கீழாநெல்லி உலகம் ஒப்புக்கொண்ட மருந்துதானே? (சித்த மருத்துவ ஆர்வலர்)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆமாம், எழுதினார். 1988இல் லான்செட் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன், கடைசிப் பெயர் ப்ளம்பெர்க். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தயாரிப்பைக் கொடுத்தார்கள். மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்து (மருந்துச் சத்து இல்லாதது) உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 59 விழுக்காட்டுக்கு எதிரே 4 விழுக்காடு! எந்த ஆய்வாளரும் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும் எண் அது.

எழுந்தார்கள், தங்கள் ஊரில் செய்தும் பார்த்தார்கள். 1990இல் தாய்லாந்துக் குழு ஒன்று அதே லான்செட்டில், எங்களுக்கு ஆன்டிஜன் மறையவில்லை என்று எழுதியது. நியூசிலாந்து ஆய்விலும் பலன் தெரியவில்லை. இவர்கள் எல்லோரும் சென்னைக் கட்டுரையைக் குறிப்பிட்டுத்தானே மறுக்க முடியும்? மறுத்தவரின் மேற்கோளும் ஒன்று, ஏற்றவரின் மேற்கோளும் ஒன்று. கணக்குப் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது.

கட்டுரையை நான் குறைசொல்லவில்லை. தெளிவான எண்களோடு, பிறர் சோதித்துப் பார்க்கும்படி எழுதியிருந்தார்கள். அதுவே பெரிய காரியம். ஆனால் "இத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்" என்று பாட்டில் மேல் அச்சிட்டு விற்பவரிடம், அந்தப் பேர்கள் என்ன எழுதினார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: அதிக மேற்கோள் வாங்க நிறைய நோயாளிகளை வைத்து ஆய்வு செய்ய வேண்டுமா? (அறுவை சிகிச்சைப் பயிற்சி மருத்துவர்)

பதில்: கட்டாயமில்லை. இத்தாலிய அறுவை மருத்துவர் மஸ்ஸாஃபெர்ரோ 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னலில் எழுதியது, கல்லீரல் புற்றுக்காகக் கல்லீரல் மாற்றிக்கொண்ட 48 நோயாளிகளைப் பற்றி. 5 செ.மீ.க்கு மேற்படாத ஒரு கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை: இதற்குள் இருந்தால் கல்லீரல் மாற்றலாம் என்றார். அதுதான் நீங்கள் தேர்வுக்குப் படிக்கும் 'மிலன் வரையறை'. நான்கு ஆண்டு கழித்து 75 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள் என்ற கணக்கு, யாருக்கு உறுப்புக் கொடுப்பது என்று திணறிக்கொண்டிருந்தவர்கள் கையில் ஒரு அளவுகோலைக் கொடுத்தது.

நிறையப் பேரை வைத்துச் செய்ததற்கு எடுத்துக்காட்டு தைவான். ப்ளம்பெர்க்கின் ஆன்டிஜனை வைத்து பீஸ்லி குழு 22,707 ஆண்களைப் பின்தொடர்ந்தது. கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கல்லீரல் புற்று வரும் அபாயம் 223 மடங்கு என்று 1981இல் சொன்னது. 1984இல் தைவான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தொடங்கியது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்று 0.36 ஆகக் குறைந்ததை 1997இல் எழுதினார்கள். ப்ளம்பெர்க்கின் தாக்கத்தை அளக்க என்னைக் கேட்டால் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவேன்.

கேள்வி: தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது தவறா?

பதில்: தொடர் ஆய்வில் தவிர்க்க முடியாது. பத்துக்கு எட்டு அப்படியென்றால், சொந்த வீட்டுக் கல்யாணத்தில் தானே மொய் எழுதிக்கொள்வது.

கேள்வி: என் அப்பாவுக்குக் கல்லீரல் புற்று. அதிக மேற்கோள் உள்ள மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சரியா?

பதில்: தேடலை அங்கே நிறுத்திவிடுங்கள். அறுவை மருத்துவர், கல்லீரல் மருத்துவர், கதிரியக்க மருத்துவர், புற்றுநோய் மருத்துவர் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் இடமா என்று பாருங்கள். அப்பாவுக்கு வந்ததைப் போன்ற நோயாளிகளை ஆண்டுக்கு எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால், அம்மாவும் நீங்களும் உடன்பிறந்தவர்களும் எச்பிஎஸ்ஏஜி பார்த்துவிடுங்கள். கிருமி இல்லை என்று வந்தாலும், தடுப்பூசி வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்காமல் வீடு திரும்பாதீர்கள்.