391/493 போன்ற பின்னத்தை எப்படிச் சுருக்குவது? எதாலும் அடிபட மாட்டேன் என்கிறதே!

பள்ளியில் நானும் இப்படி மாட்டிக்கொண்டவன்தான். இரண்டால் அடிப்பேன், மூன்றால் அடிப்பேன், ஐந்தால் அடிப்பேன். எதிலும் அடிபடவில்லை என்றால் விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். நோட்டு திரும்பி வரும்போது சிவப்பு மையில் ‘இன்னும் சுருக்கு’ என்றிருக்கும். எதால் என்றும் எழுதியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

இப்போது சாயங்காலங்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். அவர்களிடம் சொல்வது இதுதான்: அந்த இரண்டு எண்களையும் முறைத்துக்கொண்டு உட்காராதே, வித்தியாசத்தைப் பார்.

493-இல் 391 போனால் 102. ஓர் எண் தொகுதியையும் பகுதியையும் மீதியில்லாமல் வகுக்கும் என்றால், இந்த 102-ஐயும் வகுத்தே ஆக வேண்டும். பதினேழு பதினேழாகக் கட்டிய கட்டுகளிலிருந்து சில கட்டுகளை எடுத்துவிட்டாலும் மிஞ்சுவது முழுக் கட்டுகள்தானே? சரி, 102 என்பது 2 × 3 × 17. 391 ஒற்றைப்படை, 2 போச்சு. இலக்கங்களைக் கூட்டினால் 13, அதனால் 3-உம் போச்சு. மிச்சம் 17 மட்டும். போட்டுப் பார்த்தால் 17 × 23 = 391, 17 × 29 = 493. விடை 23/29. பதினேழாம் வாய்ப்பாட்டை யார் மனப்பாடம் செய்கிறார்கள்? அதனால்தான் அது கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறது.

ஒருவேளை 17-உம் வகுக்கவில்லை என்றால், பின்னம் ஏற்கெனவே சுருங்கியே இருக்கிறது என்று தைரியமாக எழுதலாம். 2024/2025 மாதிரி வித்தியாசம் 1 என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கீழே இருப்பது ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒரு தடவை கழித்து நிறுத்தாதீர்கள். 57/209-இல் 209-ஐ 57-ஆல் வகுத்தால் மீதி 38. அப்புறம் 57-ஐ 38-ஆல் வகுத்தால் மீதி 19. 38-இல் 19 மீதியில்லாமல் போகிறது. அந்த 19தான் மீப்பெரு பொதுக் காரணி. விடை 3/11. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் என்ற கிரேக்கக் கணித அறிஞர் எழுதிவைத்த வழி இது.

சுருக்குவது நம் ஊர்ப் பேச்சிலேயே உண்டு. பழைய கணக்கில் மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, ஐந்தால் அடித்தால் 1/16. அதன் பெயரே மாகாணி! இதைச் சொன்னபோது பிள்ளைகளைவிட, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பையனின் தாத்தாதான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

கை பழக 1147/1591 போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 444. மீதியை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.